இடது மரை

“நல்ல பிள்ளதான். ஆனா அது துப்பாக்கிய எடுத்துட்டு மாடி ஏறிட்டுன்னா, எனக்கு அன்னிக்குத் தூக்கம் அவ்வளவுதான்.”

இப்படித்தான் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா. என்னிடம் இல்லை, ஆன்ட்டி. நாகர்கோவிலில் இருக்கும் தன் அம்மாவிடம், போனில். அவர் அவர்களுடைய பின்வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் எங்கள் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் மழை வந்து அவ்வளவும் நனைந்தது, அது வேறு.

இந்தப் பெட்டியில் இருப்பது வயலினா என்று கேட்டீர்கள் இல்லையா, அதனால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வயலின் இல்லை. ரைபிள். ஐயோ, நீங்கள் காலை இழுத்துக்கொள்ள வேண்டாம். காற்றுத் துப்பாக்கிதான், போட்டிக்கு வைத்திருப்பது. குண்டு பாசிப்பயறை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. பில், அடையாள அட்டை, கடிதம் எல்லாம் கைப்பையில் இருக்கின்றன. வேண்டுமானால் காட்டுகிறேன். வேண்டாமா? சரி.

சாதாரணமாக நான் யாரிடமும் இவ்வளவு பேசுகிறவள் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கே என் குரல் சரியாகத் தெரியாது. உங்களிடம் என்னவோ பேசுகிறேன். நாளைக்குப் போட்டி. கை காலெல்லாம் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. ரயில் திருப்பூர் தாண்டியதிலிருந்து இந்தத் துப்பாக்கிப் பெட்டியின் பூட்டை ஏழு தடவை திறந்து மூடிவிட்டேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

என் பெயர் நவீனா. கோயம்புத்தூரில் சின்னவேடம்பட்டிப் பக்கம் வீடு. வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா ஒரு துணிக்கடையில் சூப்பர்வைசர். காலை ஒன்பதுக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். ஜூனியர் பிரிவில் எனக்கு இதுதான் கடைசி வருடம். நாளைக்கு அறுநூற்றுப் பத்துப் புள்ளிக்கு மேல் எடுத்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். எடுக்காவிட்டால், அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: “இந்த வருசம் பாக்கலாம் சாமி. ஆகலைன்னா துப்பாக்கியக் குடுத்துப்போட்டு பேங்க் பரிச்சைக்குப் படி.” அம்மா கோபத்தில் சொல்லவில்லை. தோசை ஊற்றிக்கொண்டே சொன்னார். அதனால்தான் பயம். கோபத்தில் சொன்னால் மாறும். தோசை ஊற்றும்போது சொன்னால் மாறாது.

பயிற்சி வீட்டு மாடியில். சுடும் தூரம் முப்பத்து மூன்று அடி. எங்கள் மாடி முப்பதுதான். மீதி மூன்றடிக்காக நான் படி ஏறி வரும் அறைக்குள் தள்ளி நின்று, கதவு வழியாகச் சுடுவேன். எதிரே ஒரு இரும்புப் பெட்டி. முன்னால் இலக்கு அட்டையைச் செருகும் சட்டம், பின்னால் தடித்த தகடு. அதைப் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறேன். ஏனென்றால் மாடியிலேயே அசையாத இடம் அது ஒன்றுதான்.

ஒவ்வொரு தடவை சுடும்போதும் முதலில் டப். உடனே டங். டப் என்பது குழலின் வாயிலிருந்து காற்று பீறிட்டு வருவது. டங் என்பது குண்டு போய்த் தகட்டில் அடிப்பது. காலை பத்திலிருந்து ஒன்று வரை, ஒரு நாளைக்கு நூறு தடவை.

பக்கத்து வீட்டு அக்கா பெயர் ஜெசிந்தா. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு டூட்டி. காலை எட்டரைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, படுப்பார். சரியாக நான் மாடி ஏறும் நேரம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கவனிப்பேன். அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வார்டில் யாராவது இறந்துபோனார்களா என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவர் தூங்க முடியாமல் கிடக்கிறார் என்பது மட்டும் அந்தப் போன் பேச்சுவரை எனக்குத் தெரியவில்லை.

நேரே போய், ‘அக்கா, நீங்கள் எப்போது தூங்குவீர்கள், நான் எப்போது சுடட்டும்?’ என்று கேட்டிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். அம்மாவும் அதையே சொன்னார். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஆன்ட்டி. நான் கேட்டால் அவர் என்ன சொல்வார்? ‘சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ சுடு’ என்பார். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தூங்காமல் கிடப்பார். அப்போது அவரைப் பொய் சொல்ல வைத்தவள் நான். தூக்கத்தையும் கெடுத்து, பொய்யும் சொல்ல வைப்பதா? கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. அவருக்குத் தெரியாமலே சத்தத்தை நிறுத்திவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

அப்படித்தான் எனக்கு சைலன்சர் யோசனை வந்தது.

என் சீனியர் ஒருத்தி வைத்திருந்தாள். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு உருளை. காற்றுத் துப்பாக்கிக்கு உள்ளதுதான். அதே மாதிரி ஒன்றைக் கடையில் வாங்கினேன். போட்டிக்கு அதை மாட்டக் கூடாது. வீட்டில் மாட்டிக்கொண்டு, போட்டிக்குப் போகும்போது கழற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதை மாட்டுவதற்கு ஏதாவது அனுமதி வேண்டுமா என்று கோச் சாரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பார். எதற்கு என்று சொன்னால், பக்கத்து வீட்டில் போய்ப் பேசு என்பார். சுற்றிச் சுற்றி அங்கேயே வரும்.

இன்னொரு சிக்கல். அந்த உருளை திருகி மாட்டுவது, பாட்டில் மூடி மாதிரி. குழலின் நுனியில் மரை இருந்தால்தான் ஏறும். என் குழலின் நுனி வழுவழு என்று இருந்தது.

கணபதியில் ஒரு சந்து முழுக்க லேத் பட்டறைகள். அங்கே திருமூர்த்தி அண்ணன் என்று ஒருவர், போர்வெல் மோட்டார் ஷாப்ட் கடைவதில் கெட்டிக்காரர் என்று பெயர். நான் அந்தச் சந்தில் மூன்று நாள் நடந்தேன். முதல் நாள் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

“ஏனம்மிணி, மூணு நாளா இக்கட்டால அக்கட்டால போயிட்டு வந்துட்டு இருக்கற? என்ன, மோட்டார் ஷாப்டா?”

“இல்லைங்கண்ணா. துப்பாக்கிக் குழலுங்க.”

லேத்தை நிறுத்தினார். அது சுற்றி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “கண்ணு, நீ கெளம்பு. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குது.”

நான் பில்லை நீட்டினேன். அட்டையை நீட்டினேன். கல்லூரி மலரில் வந்த என் போட்டோவையும் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“செரி. யாரையும் சுடறதில்லையே?”

“அட்டையைத்தாங்க.”

“அட்டையச் சுடறதுக்கு எதுக்கம்மிணி சத்தம் வராம சுடோணும்? அட்டை என்ன, கேட்டுப்போட்டு ஓடிப் போயிருமா?”

சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா, இரவு டூட்டி, தூக்கம், எல்லாம். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்ப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஒரு வார்த்தை கேட்டுப்போட்டா முடிஞ்சுது. அதுக்குப் போயி இரும்ப வெட்டோணுங்கறயே!”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரை முழுக்கச் சுருள் சுருளாக இரும்புத் துருவல். கொஞ்ச நேரம் பார்த்தவர், பெருமூச்சு விட்டார். “எம் பெரிய பொண்ணும் இதே ரகந்தான். வெங்காயம் கேட்டு கடைக்காரன் உருளைக்கெழங்கு கட்டிக் குடுத்தா, வாயத் தொறக்காம வாங்கியாந்துருவா. நாங்க அன்னிக்கி உருளைக்கெழங்கு தின்போம். குடு, பாக்கலாம்.”

குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். “உள்ளார என்ன, முறுக்குப் புழிஞ்சாப்பல கோடு கோடா போகுது?”

இங்கேதான் ஆன்ட்டி, நான் ஒரு தப்புச் செய்தேன். பேசினேன். அதுவும் யாரும் வற்புறுத்தாமல். அந்தக் கோடுகள் குண்டைச் சுழற்றி விடும், வலப்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும், அதனால்தான் நேராகப் போகிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பம்பரம் கதையெல்லாம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். “அப்ப உள்ளுக்குள்ள ஒரு சுத்து இருக்குது” என்றார். “இருக்குதுங்க” என்றேன். நான் பேசினால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் பேசுவதில்லை.

“இரு, டீ சொல்றேன்” என்று சந்து முனைக்குக் குரல் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

குழலை லேத்தில் பூட்டினார். சின்னக் கடிகாரம் மாதிரி ஒரு கருவியை அதன் மேல் வைத்து, முள் ஆடாமல் நிற்கும்வரை தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்தார். நல்ல பொறுமை அவருக்கு. ஆனால் அவர் நடு பார்த்தது குழலின் வெளிப்புறத்தை வைத்து. உள்ளே இருக்கும் துளை வெளிப்புறத்துக்குச் சரியாக நடுவில் இருக்கும் என்று நிச்சயமில்லை. இதை நான் எங்கேயோ படித்திருந்தேன். சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். டீ வந்துவிட்டது.

அப்புறம் மரை வெட்ட ஆரம்பித்தார். எதிர்ப் பட்டறையிலும் யாரோ மரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கத்தி நுனியிலிருந்து உள்பக்கமாக நகர்ந்தது. இங்கே கத்தி உள்ளிருந்து நுனிக்கு நகர்ந்தது. நான் இதையும் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இரண்டு தடவை அங்கும் இங்கும் மாறி மாறிப் பார்த்தேன். ஆனால் நாற்பது வருடமாக லேத் ஓட்டுகிறவரிடம், கையில் அவர் வாங்கிக் கொடுத்த டீயை வைத்துக்கொண்டு, ‘அண்ணா, நீங்கள் தலைகீழாக வெட்டுகிறீர்கள்’ என்று எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

முடித்துவிட்டு உருளையை எடுத்துத் திருகினேன். ஏறவில்லை. அழுத்தினேன். ஏறவில்லை.

“அதெப்புடி ஏறும்?” என்றார், முகமெல்லாம் பெருமை. “நாந்தான் லெஃப்ட் மரையல்ல போட்டிருக்கறேன்! உள்ள சுத்து இருக்குதுன்னு நீதான சொன்ன? மோட்டார்லயும் அப்பிடித்தான் கண்ணு. சுத்தற பக்கமே மரை போட்டா நாலு நாள்ல கழண்டு, கெணத்துக்குள்ள உளுந்துரும். எத்தன பேரு மோட்டார நான் தூக்கியிருக்கறேன்! இது உம்பட காலத்துக்கும் கழறாது.”

கழறாதுதான். ஏறினால்தானே கழற.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார். கடையில் வாங்கியது போனால் போகட்டும், அந்த லெஃப்ட் மரைக்குப் பொருந்தும்படி அவரே ஒரு உருளை செய்து தருவதாகச் சொன்னார். நான் சரி என்றேன். நான் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை.

ஈரோடு வந்துவிட்டதா? இன்னும் இல்லையா. நீங்கள் நேற்று கல்யாண வீட்டில் தூங்கவே இல்லை என்றீர்களே. கண்ணை மூடிக்கொண்டே கேளுங்கள், பரவாயில்லை. எனக்கு ஒன்றும் தொந்தரவில்லை.

இரண்டு நாளில் செய்து கொடுத்தார். மோட்டார் ஷாப்ட் துண்டில் கடைந்தது. பளபள என்று, கல்யாணச் சொம்பு மாதிரி ஒரு பொருள். நன்றாகக் கனத்தது. வீட்டுக்கு வந்து மாட்டிச் சுட்டேன். டப் போய்விட்டது! யாரோ இருமலை அடக்கிக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன ‘ம்ப்’. அவ்வளவுதான். நான் அங்கேயே நின்று சிரித்தேன். டங் மட்டும் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. டப் இல்லாததால் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அக்கா வீட்டுப் பக்கம் பார்த்தபடியே நூறும் சுட்டேன். நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு சுட்டேன். அப்புறம்தான் அட்டைகளைக் கழற்றிப் பார்த்தேன்.

ஓட்டைகள் ஒரு இடத்தில் இல்லை. நடுநடுவே எட்டு, ஏழு, ஒரு ஆறு என்று புள்ளிகள். சில ஓட்டைகள் வட்டமாகக்கூட இல்லை. பக்கவாட்டில் இழுத்துக் கிழித்த மாதிரி இருந்தன. குண்டு நேராகப் போகாமல் எங்கேயோ உரசிக்கொண்டு போகிறது. என் கைதான் சரியில்லை என்று முதலில் நினைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். உருளையைக் கழற்றிவிட்டுச் சுட்டுப் பார்த்தேன். அப்போதும் சரியாகவில்லை. மரை வெட்டும்போது குழலின் வாய் விளிம்பிலேயே ஏதோ கோணல் விழுந்துவிட்டது. ஐந்நூற்று எண்பத்தெட்டு. ஐந்நூற்று எண்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகத் துப்பாக்கி பிடித்த வருடம் நான் எடுத்த புள்ளிகள் அவை. போட்டிக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது.

ராத்திரி அம்மா கேட்டார், “இன்னிக்கி எவ்வளவு?” “அறுநூத்தி எட்டு” என்றேன். அம்மா தலையாட்டிக்கொண்டு தோசையைத் திருப்பினார்.

குழலைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கணபதிக்குப் போனேன். திருமூர்த்தி அண்ணன் அட்டைகளைப் பார்த்தார். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கம்பியை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தார்.

“தொளை நடுவுல இல்ல அம்மிணி. நான் வெளிய வெச்சு நடுப் புடிச்சுப்போட்டேன்.”

“ஆமாங்கண்ணா.”

“ஆமாவா? உனக்குத் தெரியுமா?”

“அன்னிக்கே தெரியுங்க.”

“மரை திரும்பிப் போறதும்?”

“அதையும் பார்த்தேங்க.”

“பாத்துமா, ஏங்கண்ணு ஒரு வார்த்தை சொல்லுல?”

“நீங்க டீ சொல்லியிருந்தீங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமா, வேறு எதுவுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மெஷினை அணைத்துவிட்டு வெளியே போய்ச் சந்தில் நின்றார். திரும்பி வந்து, “இத வெச்சுட்டுப் போ. நான் கொண்டாந்து தர்றேன். வூட்டு அடையாளம் சொல்லு” என்றார். “மஞ்சப் பெயிண்ட் அடிச்ச நாலு வீட்டு வரிசைங்க, கடைசிக்கு முந்தின வீடு” என்றேன். எந்தப் பக்கத்திலிருந்து கடைசி என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு எட்டு நாள். எட்டு நாளும் குழல் இல்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்டையை மட்டும் தோளில் வைத்து, மூச்சைப் பிடித்து, வெறும் சுவரைக் குறி பார்த்தேன். கைக்குக் கனம் பழக வேண்டுமே என்று தண்ணீர் பாட்டிலைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றேன். மாடிக்கும் கீழேயும் நடந்தேன். போனை எடுத்து அவர் எண்ணைப் பார்த்துவிட்டு வைத்தேன். ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட அழைக்கவில்லை. வேலையாக இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது?

நடுவில் ஒரு நாள் பால் வாங்கப் போனபோது ஜெசிந்தா அக்கா எதிரே வந்துவிட்டார். வழி குறுகல். ஒதுங்க முடியவில்லை.

“என்ன மக்ளே, மாடில ஆளையே காணல? மேலுக்குச் சொகமில்லியா?”

“பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறேங்க்கா.”

“அப்ப துப்பாக்கி?”

“விட்டுட்டேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாய்க்கு வந்தது. அவர் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். “அடப் பாவமே” என்றார். “நாங்க வார்டுல எல்லாரும் உன் பேரு பேப்பர்ல வரும்னுல்லா சொல்லிட்டிருந்தோம்” என்றார். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அவர் கண்ணுக்குக் கீழே இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. நாலைந்து நாளாகச் சத்தமே இல்லையே, தூங்கியிருப்பாரே என்று யோசித்தேன். டூட்டி அப்படி போலிருக்கிறது.

முந்தாநாள், புதன்கிழமை. காலை பத்து மணி. நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஒரு மொபெட் வந்து நின்றது. கதவைத் தட்டும் சத்தம். எங்கள் கதவு இல்லை. பக்கத்துக் கதவு. அவர் தட்டினால் மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்குகிற மாதிரிதான் இருக்கும். தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு எழுந்து ஓட வேண்டும். படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நடுத் தூக்கத்தில் அக்கா எழுந்து வந்து கதவைத் திறப்பது கேட்டது.

“யாரு?”

“லேத் பட்டறைங்க. அம்மிணி இல்லீங்களா?”

“எந்த அம்மிணி?”

“துப்பாக்கி அம்மிணி.”

“அது அடுத்த வீடு. அதுவும் அது துப்பாக்கிய விட்டுட்டு.”

“விட்டுருச்சா? நான் ராத்திரி பகலா உக்காந்து வெட்டிக் கொண்டாந்திருக்கறேன், விட்டுருச்சா?” கொஞ்சம் நிறுத்தினார். “இருங்க. நீங்கதானுங்களா அந்தத் தூங்கற நர்சம்மா?”

அதற்கப்புறம் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒன்று விடவில்லை. மூன்று நாள் சந்தில் நடந்தது, லெஃப்ட் மரை, டீ, எல்லாம். நான் படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தினாலும் கேட்டது. பிறகு இரண்டு பேரும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, “நவீனா!” என்று அக்கா கூப்பிட்டார். அந்தக் குரலில் வார்டில் கூப்பிட்டால் படுத்த படுக்கையில் இருப்பவர்களும் எழுந்துவிடுவார்கள்.

மாடிக்குப் போனோம். திருமூர்த்தி அண்ணன் பழைய பனியன் துணியைப் பிரித்துக் குழலை எடுத்தார். மரை இருந்த நுனியே இல்லை. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இந்தத் தடவை துளையை வைத்து நடுப் பிடித்து, வாயைப் புதிதாகச் சீவியிருந்தார். இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. “நுணுக்க வேலை பாக்கற டூல் ரூம்காரர் ஒருத்தரப் பக்கத்துல நிறுத்தி வெச்சுட்டுத்தான் வெட்டுனேன். தப்புன்னா வாயத் தொறந்து சொல்லோணும்னு சொல்லி நிறுத்தினேன்” என்றார், என்னைப் பார்த்து.

மாட்டினேன். என் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஐந்து குண்டு சுட்டேன். டப், டங். டப், டங். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால் ஐந்தும் ஒரே ஓட்டை மாதிரி, நடுவில்.

திருமூர்த்தி அண்ணன் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். “ஆனாச் சத்தம் திரும்பி வந்துருச்சேம்மிணி” என்றார், வருத்தமாக.

“எந்தச் சத்தம்?” என்றார் அக்கா.

“இதானுங்க. டப்புன்னுதே.”

“ஐய, அந்த டப்பு எனக்கு எங்க கேக்கு? ஃபேன் ஓடுகதுல அது காதுலயே விழாது. அந்த டங்குதான்! கட்டில்ல தலை வச்சிருக்க செவுத்துலயாக்கும் அது வந்து முட்டுகது. பெட்டிய அங்கன கொண்டு மாட்டியிருக்கியே கிறுக்குப் பிள்ளே!”

திருமூர்த்தி அண்ணன் தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப நான் எதுக்குங்க மரை போட்டேன்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

எனக்கு இப்போதும் ஒன்றுதான் தோன்றுகிறது, ஆன்ட்டி. அன்றைக்கே மரை நேராக விழுந்திருந்தால், இத்தனை பேர் வாயில் விழாமல் காரியம் முடிந்திருக்கும். இல்லையா? தூங்கிவிட்டீர்களா? இல்லையே. சரி, இதோ முடிந்துவிட்டது.

“பெட்டியக் கழட்டி அக்கட்டால மாட்டிரலாங்க” என்றார் அவர். அந்தப் பக்கம் வெறும் கம்பித் தடுப்பு. மாட்ட இடமில்லை. நடுவில் நிறுத்தினால் தூரம் போதாது. போட்டிக்கு மூன்றே நாள். எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் சொல்ல வரவில்லை. துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். விறுவிறு என்று கீழே இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் அவருடைய தலையணை இருந்தது. தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். இலவம்பஞ்சைக் கை கையாக அள்ளி, அட்டைச் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே திணித்தார். அவருடைய தலையிலும் நைட்டியிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டது. இனி ஒரு பிடியும் இறங்காது என்று ஆனதும் அட்டையைச் செருகினார். வெறும் உறையை இரண்டு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கீழே தூங்கப் போனார்.